ஒரு காப்பி பத்தாது

ரெண்டு வாரம் முன்னாடி வீட்டுப் பொட்டி மண்டையைப் போட்டுடுச்சு. முதல் நாள் ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. காலைல ஆன் பண்ணினா 'டிக்... டிக்...'னு ஒரு சத்தம், கறுப்புத் திரை, அவ்ளோதான். பொட்டி தட்டிப் பிழைக்கறவன் வீட்டுலயே பொட்டி படுத்துட்டா அக்கம்பக்கத்துல என்ன மரியாதை இருக்கும், சொல்லுங்க :-)

நியாயமா பார்த்தா ஹார்ட் டிஸ்க் நின்னது ஆச்சரியமில்லை மக்களே, இத்தனை வருஷம் ஓடினதுதான் ஆச்சரியம். நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்தற தட்டு. அதுக்கு மேல சில நானோமீட்டர் இடைவெளியில மிதக்கற ஹெட். அது தட்டுல உரசிட்டா கதை முடிஞ்சுது.

போட்டோ எல்லாம் வேற டிஸ்க்லயும் இருந்ததால தப்பிச்சுது. போனது அப்பாவோட ஒரு ஃபைல். தாத்தா சொல்லச் சொல்ல அப்பா தட்டச்சு பண்ணின குடும்பக் கதை, மொத்தம் அறுபது பக்கம். முதல் 38 பக்கத்தை எப்பவோ பிரிண்ட் எடுத்து பீரோவுல வெச்சிருந்தார். மீதி 22 பக்கம் போயே போச்சு. டேட்டா மீட்டுத் தர்ற இடத்துல, "தட்டுல கீறல் சார், ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கையை விரிச்சுட்டாங்க. தாத்தாவும் இப்போ இல்லை. அப்பா ஞாபகத்துல இருந்து நோட்டுல எழுதறார். ஆனா அது தாத்தா பேச்சு இல்லைன்னு அவருக்கே தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே பாட்டு. "இதுக்குத்தான் எதுக்கெடுத்தாலும் மெஷினை நம்பக்கூடாதுங்கறது. எங்க காலத்துல எல்லாம்..."

இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன்.

அந்தக் காலத்துல மட்டும் எதையும் நம்பாமலா இருந்தாங்க? ஓலையை நம்பினாங்க. ஓலையைக் கரையான் அரிக்கும், பூச்சி துளைக்கும், சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிசு. சங்கப் பாட்டு நம்ம கைக்கு வந்தது தலைமுறை தலைமுறையா யாரோ உக்காந்து படியெடுத்ததால. உ.வே.சா. ஒரே நூலுக்குப் பல சுவடி தேடி ஊர் ஊரா அலைஞ்சதும் அதுக்குத்தான். ஒண்ணுல சிதைஞ்ச வரி இன்னொண்ணுல கிடைக்கும். படியெடுக்க ஆளில்லாத நூல்கள்ல பலதுக்கு இன்னிக்குப் பேர் மட்டும்தான் மிச்சம். 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டப்போ ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போச்சு. அச்சான புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம், வேற படி இல்லாத சுவடியை எங்க போய் வாங்கறது?

அந்தப் பக்கம் பிக்ஸார் கதையைப் பாருங்க. 1998ல 'டாய் ஸ்டோரி 2' படத்தோட ஃபைல்கள்ல பெரும்பகுதியை யாரோ தவறுதலா ஒரு கட்டளையில அழிச்சுட்டாங்க. பேக்கப்பைத் திறந்தா அதுவும் ஒழுங்கா இல்லை. கைக்குழந்தையோட வீட்டுல இருந்து வேலை பார்த்துட்டிருந்த கேலின் சூஸ்மன்ங்கறவங்க பொட்டியில ஒரு படி இருந்ததாலதான் படம் பிழைச்சுது.

ஆக, எதையாவது நம்பித்தான் ஆகணும். ஆனா ஒண்ணே ஒண்ணை நம்பினாதான் வம்பு. 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் சொதப்பி உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரை காட்டினப்போ, நம்ம ஊர் விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. 2025 ஏப்ரல் 12ல யூபிஐ தடுமாறினப்போ, சட்டைப்பையில நூறு ரூபாய் நோட்டு வெச்சிருந்தவர் டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டே இருந்தார். ரெண்டு இடத்துலயும் மாத்து வழி ஒண்ணு இருந்துச்சு, அவ்ளோதான் விஷயம்.

"கிளவுட்ல போட்டா போதாதா?"ன்னு கேப்பீங்க. போடுங்க, நல்லதுதான். ஆனா கிளவுட்ங்கறது அடுத்தவன் பொட்டி. அதுவும் சும்மா ஸிங்க் மட்டும் பண்ணிட்டிருந்தா, இங்க தெரியாம அழிச்சது அங்கயும் அழியும். என்னிக்காவது அக்கவுன்ட் பூட்டிக்கிச்சுன்னா எந்தக் கதவைத் தட்டுவீங்க?

எங்க தொழில்ல 3-2-1னு ஒரு விதி உண்டு:

3 - எதுவா இருந்தாலும் மொத்தம் மூணு படி.
2 - ரெண்டு வேற வேற வகைச் சாதனத்துல.
1 - அதுல ஒண்ணாவது வீட்டுக்கு வெளியே.

என் பங்குக்கு இன்னும் ரெண்டு. மாசம் ஒரு தடவை பேக்கப்ல இருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்க. திறக்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். அப்புறம், முக்கியமானதைக் காகிதத்துலயும் எடுத்து வையுங்க. பாஸ்வேர்டும் வேணாம், அந்தக் கால எழுத்துரு தேடியும் அலைய வேணாம்.

இன்னொண்ணு. உங்க வீட்டுப் பெரியவங்க தலையில மட்டுமே இருக்கற விஷயம் நிறைய இருக்கும். எந்தச் சித்தப்பா எந்த ஊருக்குப் போனார், பழைய வீட்டை ஏன் வித்தாங்க, புளிக்காய்ச்சலுக்கு எதை முதல்ல வறுக்கணும். இது எதுக்குமே பேக்கப் கிடையாது. இந்த ஞாயித்துக்கிழமை போனை எடுத்து ரெக்கார்டிங்கைத் தட்டிட்டு அவங்க பக்கத்துல உக்காருங்க. பேசி முடிச்சதும் மறக்காம மூணு காப்பி.