நடுவர் கண்ணும் நாயின் செவியும்

வளர்ப்பு விலங்குகளுக்கு அழகுப் போட்டி நடத்துதலும், அவற்றுள் சிறந்ததற்குப் பரிசளித்தலும் வீண் பொழுதுபோக்கே என்று கருதுவார் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. வினாத்தாள் எதனைக் கேட்கின்றதோ அதனையே மாணவன் கற்பான் என்பது கல்லூரியிற் பயிலும் நம்மனோர்க்குச் சொல்லாமலே விளங்கும். அங்ஙனமே நடுவர் எதற்கு மதிப்பளிக்கின்றாரோ அதனையே வளர்ப்போர் தேடித் தேடி இணைசேர்த்துப் பெருக்குவர். ஆகவே கண்காட்சியின் அளவுகோல், இனிப் பிறக்கப்போகும் குட்டிகளின் தலையெழுத்து எனலாம். அவ்வளவுகோல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் ஒரு சிற்றுயிரை நோக்குவோம். மேலைநாட்டுச் சிறுவர் கூண்டில் வைத்துப் பேணும் ஹாம்ஸ்டர் என்பது கன்னத்துள் பையுடைய ஓர் எலியினம். இன்று வீடுகளில் வளரும் சிரியநாட்டு ஹாம்ஸ்டர்களுட் பெரும்பாலானவை, 1930-ஆம் ஆண்டில் அலெப்போ நகருக்கு அருகில் நிலத்தை அகழ்ந்து எடுக்கப்பெற்ற ஒரு தாயின் குட்டிகள் வழிவந்தவை. இங்கிலாந்தில் இவற்றுக்குப் போட்டி நிகழுங்கால் யாவற்றையும் ஒரே மாதிரியான கூண்டுகளில் வைப்பர். உடையவர் செல்வரோ வறியரோ என்பது நடுவருக்குப் புலனாகாது. 100 மதிப்பெண்ணுள் நிறமும் குறிகளும் 30, உடலமைப்பு 25, மயிர் 20, பருமன் 10, உடல்நலம் 10, கண்ணும் காதும் 5 என வகுத்துள்ளனர். நாம் பாராட்டுவது இவ்வெண்களை அன்று. நோயுற்றதும், கைக்கு அடங்காததும் எத்துணை அழகுடையதாயினும் போட்டியினின்றும் விலக்கப்படும் என்னும் விதியையே பாராட்டுகின்றோம். குழந்தையின் உள்ளங்கையில் இருக்கவேண்டிய உயிர் கைக்கு அடங்காதாயின் அதன் நிறத்தால் யாது பயன்? ஓர் உயிர் தன் வாழ்வுக்குத் தகுதியுடையதோ என்று முன்னர் வினவி, அழகுடையதோ என்று பின்னர் வினவும் முறை இது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்குக் கண்காட்சி என்றால் பெரிதும் நாய்க் கண்காட்சியே. மதுரையைச் சூழ்ந்த நிலம் நல்ல நாய்களுக்குப் பேர்பெற்றது. தென்மேற்கே இராசபாளையம் தன் பெயரையே ஓர் இனத்திற்கு அளித்தது. சிப்பிப்பாறையும் கோம்பையும் அவ்வாறே. கன்னி என்பது மற்றோரினம். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்னும் ஒரு பெயரையே வகுக்கின்றது. அவற்றுள் பன்றியைத் தொடர்ந்தது இராசபாளையம்; முயலைத் தொடர்ந்தது சிப்பிப்பாறை. ஆயினும் திருநகர் போன்ற புறநகர்களில் மாலைப்பொழுதில் நாயை வாரிற் பிணித்து உலாவுவோர் பலரிடம் நாம் காண்பன லாப்ரடாரும் பொமரேனியனுமே.

நாய்க் கண்காட்சியில் வயதாலும் பாலாலும் வகுப்புப் பிரிப்பர். நடுவர் வாயைத் திறந்து பல்வரிசை நோக்குவார். தோளையும் விலாவையும் தடவி எலும்பின் அமைப்பை அறிவார். நேரே ஓடவிட்டும் திரும்பவிட்டும் நடையைத் தேர்வார். நாயை நாயோடு ஒப்பிடுவதாகத் தோன்றினும், ஒவ்வொன்றையும் அதன் இனத்திற்கென எழுதிவைத்த இலக்கணத்தோடு ஒப்பிடுதலே அவர் கடமை. இலக்கணமோ இலக்கியத்தினின்றும் பிறப்பது. நாயினத்தின் இலக்கியம் அதன் தொழிலன்றி வேறு யாது?

முன்னாளில் இந்நாய்களுக்கு நடுவராய் இருந்தது களம். கல்லும் முள்ளும் நிறைந்த கரிசற் காட்டில் ஓட மாட்டாத நாயும், உடையவன் குரல் கேளாத நாயும் அங்கே தோற்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்கு இடமின்றிச் செய்தன. அது நன்றே, காட்டுயிர்கள் பிழைத்தல் வேண்டும். எனினும் அன்றுதொட்டு நாய்க்குக் களம் என்னும் நடுவர் இலராயினர். எஞ்சியவர் இருவர்: கண்காட்சியின் நடுவர், விலைகொடுத்து வாங்குவோர். இருவரும் கண்ணாலேயே அளக்கின்றனர்.

அதன் விளைவை இராசபாளையம் நாயிற் காணலாம். பால்வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே இதன் பெருமை எனக் கொண்டு, பழுப்பும் கருமையுமாய்ப் பிறந்த குட்டிகளை வளர்ப்போர் பலர் ஒதுக்கினர். இவ்வினத்திற் பிறவிச் செவிடு அருகிய குறையன்று. காரணம் அறிவியலார் அறிந்ததே. நிறத்தைத் தரும் உயிரணுக்கள் தோலில் மட்டுமன்றி உட்செவியிலும் உறைகின்றன. அவை அங்கு இல்லையாயின், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் பட்டழியும். வெண்மை மிகுந்த டால்மேஷியன் இனத்தை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, 100 நாய்களுள் ஏறத்தாழ 30 ஒரு செவியிலேனும் கேளாதவை எனக் கண்டனர். வேண்டி வளர்த்த வெண்மையின் விலையை நாய் தன் செவியாற் செலுத்துகின்றது. காவலுக்கென வாங்கிய நாய் கதவு திறக்கும் ஓசையைக் கேளாதாயின் அதனைக் குறைகூறுதல் முறையோ?

கண்காட்சிகளே நாட்டு நாய்களை அழியாது காத்தன என்று கூறுவார் உளர். அதனை நாம் மறுக்கவில்லை. பரிசும் விளம்பரமும் வளர்ப்போர்க்கு ஊக்கம் தந்தன. 2005-ஆம் ஆண்டில் இராசபாளையம் நாய் இந்திய அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. ஆனால் பெயரைக் காத்து உயிரின் நலத்தைக் கைவிடுதல் காப்பாகாது. வெண்மை தொன்றுதொட்டு வந்த மரபன்றோ எனின், கூர்ந்த செவியும் மரபே. ஒரு மரபைப் பேண மற்றொன்றைப் பலியிடுதல் நேரிதன்று.

விதியை மாற்றுதல் இயலுமோ எனின், இயலும். இங்கிலாந்தில், பரிசுக்காக நாய்களின் உடல் திரிக்கப்படுதலை 2008-ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் படம் வெளிப்படுத்தியது. அதன்பின் இனங்களின் இலக்கணங்கள் திருத்தப்பட்டன. 2012-ஆம் ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், குறைபாடு மிகுந்தவை எனக் குறிக்கப்பட்ட 15 இனங்களில் முதன்மை பெற்ற நாய்களைக் கால்நடை மருத்துவர் ஆராய்ந்து, அவற்றுள் ஆறனுக்கு மேற்போட்டியில் இடம் மறுத்தனர். அவற்றுட் புல்டாக்கும் பீக்கிங்கீஸும் அடங்கும். வென்றவர்கள் சினந்தனர், விதியோ நின்றது.

அதுபோல் இங்கும் மூன்று செயல்கள் நிகழ்தல் வேண்டும் என்பது நம் கருத்து. ஒன்று, வெண்ணிற நாட்டு நாய் அரங்கேறுமுன் அதன் செவிப்புலன் சோதிக்கப்படல் வேண்டும். பின்னின்று கைதட்டிப் பார்த்தல் போதாது. ஒரு செவி கேளாத நாயும் அதற்குத் திரும்பும். மூளையில் எழும் மின்னலைகளை அளக்கும் கருவியே ஐயமறக் காட்டும். தேனியிலும் திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இத்துணையை நல்கலாம். இரண்டு, செவிடாகிய நாய்க்கு வாழ்வு உண்டு, பரிசு இல்லை, இணைசேர்ப்பும் இல்லை என்பது விதியாதல் வேண்டும். மூன்று, பிற நிறக் குட்டிகளுக்கும் அரங்கில் இடம் தருதல் வேண்டும். நிறத்தால் ஒதுக்கப்பட்ட நற்குருதி அவ்வழியே இனத்துக்கு மீளும்.

ஹாம்ஸ்டர் எலிக்கு இங்கிலாந்தார் காட்டும் நீதியை, நம் வாயில் காக்கும் நாய்க்கு நாம் காட்டுதல் பெரிதன்று. விதி எழுதுவோரும் நடுவரும் இதனைச் செய்யத் தாமதிப்பாராயின், வாங்குவோர் தொடங்கலாம். குட்டியை விலைபேசும் அன்பர்காள்! அதன் நிறத்தைக் காணுமுன் அதன் செவியைச் சோதித்தாரோ என்று வினவுமின். கேட்பார் பலராயின், வளர்ப்போர் விடை தேடுவர்.