பட்டமும் உடுக்கையும்

தோழனே! மதுரைக் கல்லூரியிலே மனநோயியல் பயில்கிறாய். மனச்சிதைவு மூளையைப் பற்றும் நோயெனத் தேர்விலே தீட்டுகிறாய். ஆனால், காதில் யாரோ பேசுவதாகக் கதறும் தங்கையைக் கோடாங்கியின் உடுக்கை முன் உட்காரவைக்கும் உறவினரைத் தடுத்தாயா?

ஏர்வாடியை மறந்தாயோ? 2001 ஆகஸ்டு 6. நோய் தீருமென நம்பிக் கொண்டுவிடப்பட்டோரை அடைத்த ஓலைக் கொட்டகையிலே தீ! 28 பேர் மாண்டனர். ஓடவிடவில்லை, சங்கிலி! கொன்றது நெருப்பு மட்டுமா? 'பேய்' என்ற பொய்யும் அன்றோ!

1952லேயே குளோர்புரோமசின் மனநோய்க்கு மருந்தாயிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. இராசாசி மருத்துவமனையிலே மனநலப் பிரிவு உண்டு. மருந்துண்டு, சட்டமுண்டு, மருத்துவருண்டு. இல்லாதது எது? சொந்த வீட்டிலே வாய்திறக்கும் துணிவு!

உடுக்கை ஒலிக்குமுன் உன் குரல் ஒலிக்கட்டும். அதுவே நீ எழுதவேண்டிய தேர்வு!