குழுவில் ஒருவர் சீனாவில் இருந்தால்...

ஷாங்ஹாய்க்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: “அங்கே வாட்ஸ்அப் தடை என்றார்களே, எனக்கு நன்றாகத்தானே வேலை செய்தது!” செய்திருக்கும். நம் ஊர் சிம் அட்டையோடு ரோமிங்கில் இருந்தால், உங்கள் தரவு சுற்றிக்கொண்டு இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கே வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. ஹோட்டல் வைஃபைக்கு மாறிப் பாருங்கள், 2017 முதல் இருக்கும் தடை என்னவென்று புரியும்.

படிக்கவோ வேலைக்கோ போய் உள்ளூர் சிம் வாங்கிவிட்ட உங்கள் மகனுக்கோ தங்கைக்கோ அந்த வழி இல்லை. குடும்பக் குழுவில் அவர் குரல் நின்றுவிடும். உடனே யாராவது யோசனை சொல்வார்: “எல்லாரும் வீசாட்டுக்கு மாறிவிடலாம்.”

நான் இதற்கு உடன்படமாட்டேன். வாட்ஸ்அப் குழுச் செய்தி அனுப்புபவர் கைப்பேசியில் பூட்டப்பட்டு, பெறுபவர் கைப்பேசியில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் படிக்க முடியாது. வீசாட்டில் அந்தப் பூட்டு இல்லை. சீனாவுக்கு வெளியே பதிவான கணக்குகள் அனுப்பும் படங்களும் ஆவணங்களும்கூட ஆராயப்படுகின்றன, அதைக் கொண்டு உள்நாட்டுக் கணக்குகளுக்கான தணிக்கை கூர்மையாக்கப்படுகிறது என்று டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2020இல் கண்டறிந்தது. ஈப்போவில் உட்கார்ந்து நீங்கள் அனுப்பும் படமும் இதில் சேர்த்திதான்.

டெலிகிராமைப் பலர் ரகசியப் பெட்டகம் என்று நம்புகிறார்கள். அதன் குழுக்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ‘ரகசிய உரையாடல்’ இருவருக்கு மட்டுமே. சீனாவில் அதுவும் தடை, 2021 முதல் சிக்னலும் தடை. 2024 ஏப்ரலில் இவற்றை ஆப்பிள் தன் சீன ஆப் ஸ்டோரிலிருந்தே நீக்கிவிட்டது.

பூட்டை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. அரசியல் கேலிப்படம் ஒன்றை நீங்கள் இங்கே சிரித்துக்கொண்டே குழுவில் போடலாம். அது அங்கிருப்பவரின் கைப்பேசியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். “திறந்து காட்டு” என்று யாராவது அவரிடம் கேட்டால் எந்த மறையாக்கமும் கைகொடுக்காது. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண்களும் ஒருவருக்கொருவர் தெரியும்.

ஆகவே வீசாட்டை நலம் விசாரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடப்பிதழ் நகல், வங்கிக் கடிதம் எல்லாம் அதில் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் 24 மணி நேரத்தில் மறையும் செய்தி வசதியைப் போட்டுவையுங்கள். விபிஎன் போடச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். அனுமதியில்லாத விபிஎன்னுக்கு அங்கே அபராதம் விதித்திருக்கிறார்கள். கட்ட வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல.