லென்ஸுக்கு முன் வேலையைக் கேட்போம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கண்புரையோடு வருபவரின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெரட்டோமெட்ரி, ஆக்சியல் லெங்த் எல்லாம் தசமப் புள்ளியோடு இருக்கும். தொழில் என்ற கட்டத்தில் மட்டும் ‘கூலி’ என்றிருக்கும். அடுத்த அறையில் கவுன்சிலர் விலை அட்டையை விரிப்பார்: சாதா லென்ஸ், மடக்கு லென்ஸ், ஃபாரின் லென்ஸ், அதற்கும் மேலே மல்டிஃபோக்கல். கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப நோயாளி ஒன்றில் விரல் வைப்பார். இதற்குப் பெயர் லென்ஸ் தேர்வு என்றால், அதில் டாக்டரின் பங்கு என்ன?

1949 நவம்பரில் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதல் லென்ஸைப் பொருத்தினார். அது நம்மூர் ஏழையின் கண்ணுக்குள் வர, மதுரையில் 1992-ல் அரவிந்த் கண் மருத்துவமனை ஆரோலேபைத் தொடங்கி விலையை இறக்க வேண்டியிருந்தது. கிடைக்குமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. யாருக்கு எது என்பதில்தான் நாம் சோம்பல் படுகிறோம்.

சின்ன ரீ-ரோலிங் மில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவக்கக் காய்ந்து பாய்ந்து வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து, திருப்பி, அடுத்த இடைவெளியில் செருக வேண்டும். அந்தத் தொழிலாளிக்குப் பார்வை தேவைப்படும் தூரம் ஒன்றரை மீட்டர். அதைவிட முக்கியம் ஆழம் கணிக்கும் திறன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் இவருக்கு ஆபத்து. இரு கண்ணிலும் மைனஸ் 0.50 அளவில் குறிவைத்த சாதாரண மோனோஃபோக்கல் போதும். அதே மில்லின் லேத்தில் வெர்னியர் பார்ப்பவருக்கும், கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே பவரை வைத்தால் தவறாகிவிடும்.

உலைக்கு முன் நிற்பவரின் கதை வேறு. இண்டக்‌ஷன் உலையில் உருகிய எஃகு 1,600 டிகிரி செல்சியஸைத் தொடும். கசடு எடுக்கும்போது அதற்குள் எட்டிப் பார்ப்பவருக்கு, அகச்சிவப்பு வெப்பத்தால் லென்ஸின் பின்துருவத்தில் புரை வரலாம். முன் கேப்சூல் ஏடு ஏடாகப் பிரியலாம். அப்படிப்பட்ட கேப்சூலில் ரெக்சிஸ் செய்யும்போது எந்த அடுக்கில் இருக்கிறோம் என்பதே குழம்பும். ட்ரைபான் ப்ளூவும், த்ரீ-பீஸ் லென்ஸும், டென்ஷன் ரிங்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்னொன்றையும் அவருக்குச் சொல்லியாக வேண்டும்: பொருத்தும் லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், அகச்சிவப்பைத் தடுக்காது. ‘ஆபரேஷன்தான் ஆயிடுச்சே’ என்று நினைத்து உலைக் கண்ணாடியை அவர் கழற்றிவிடக் கூடாது.

மல்டிஃபோக்கல் பற்றி நம் கருத்தை ஒளிக்கப்போவதில்லை. கண்ணில் விழுந்த இரும்புத் தூளைப் பலமுறை எடுத்துக்கொண்ட கிரைண்டிங் தொழிலாளியின் கருவிழியில் தழும்பு இருக்கும். ஏற்கெனவே குறைந்த கான்ட்ராஸ்டை மல்டிஃபோக்கல் இன்னும் குறைக்கும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு முழுக்க டிரெய்லர் ஓட்டுபவருக்கு எதிர் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், கிட்டப் பார்வைக் கண்ணாடியை மிச்சப்படுத்தி என்ன பயன்? விலை கூடிய லென்ஸ் என்பதால் நல்ல லென்ஸ் ஆகிவிடாது.

டோரிக் அப்படியல்ல, அஸ்டிக்மேட்டிசம் உள்ளவருக்கு அது உண்மையில் உதவும். ஆனால் ஒரு டிகிரி திரும்பினாலே ஏறத்தாழ 3 சதவீதத் திருத்தம் போய்விடும். முப்பது டிகிரி திரும்பினால் பலனே இல்லை. சிப்காட்டில் வேலை செய்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்து ரயிலேறியவரை மறுபரிசோதனைக்குத் தேடிப் பிடிக்க முடியாது. டோரிக் எழுதுமுன் அவர் முதல் சில வாரங்கள் இங்கே இருப்பாரா என்று அவருக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். வெயிலில் வேலை செய்து கண்ணில் சதை வளர்ந்திருந்தால் கெரட்டோமெட்ரி ஏமாற்றும். முதலில் அதை எடுத்து, கருவிழி நிலைப்பட்ட பிறகே பவர் கணக்கு.

தொழில் கட்டத்தை நிரப்புவதற்கு லென்ஸைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. அகச்சிவப்புக் கதிரால் வரும் கண்புரையைச் சட்டமே தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டிருக்கிறது. நாற்பத்தைந்து வயது உலைத் தொழிலாளிக்கு ‘முதுமைக் கண்புரை’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டால், அவர் இழப்பீடு கேட்பதற்கான ஆவணத்தை நாமே பலவீனப்படுத்தியவர்கள் ஆகிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கண் அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் அடுத்த முறை கேஸ் ஷீட் அச்சடிக்கும்போது தொழில் கட்டத்தைப் பெரிதாக்கி, என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் பார்க்கிறார், பகலா இரவா, எத்தனை வருடம் உலைக்கு முன்னால் என்று கேட்டு வைக்கட்டும். கவுன்சிலரின் விலை அட்டை அந்தக் கட்டம் நிரம்பிய பிறகு வெளியே வரட்டும்.