கப்பல் வருமுன் கணக்கு வரட்டும்

நமது நாட்டுக் கடற்படைக்குப் பெருங்கப்பல்கள் வேண்டுமென்ற பேச்சு நெடுங்காலமாக நடந்து வருகிறது. மேல்தளத்தில் ஹெலிகாப்டர்கள் வந்திறங்கவும், அடிவயிற்றைத் திறந்தால் படகுகளும் வண்டிகளும் வெளிப்பட்டுக் கரையேறவும், நூற்றுக்கணக்கான வீரர்களை ஒருசேரச் சுமந்து செல்லவும் தக்க கப்பல்கள் அவை. பல்பணி ஆதரவுக் கப்பல் என்று அவற்றைக் குறிப்பிடுகின்றனர். கடற்படையிலுள்ள பதினைந்து வகைக் கப்பல்களை ஐந்து வகையாகச் சுருக்குவதென 2016-இல் வகுக்கப்பட்ட திட்டத்தில் இதுவும் ஒரு வகை. மூன்று கப்பல்கள் வேண்டுமென்பது அத்திட்டத்தின் கணக்கு. 2026 முதல் 2030 வரையுள்ள பதின்மூன்றாம் மலேசியத் திட்டக் காலத்திலேனும் இவ்வெண்ணம் ஈடேற வேண்டுமென்பது கடற்படையின் ஆவல். அயல்நாட்டுக் கப்பல் பட்டறைக்காரர்களும் தத்தம் மாதிரிகளை ஏந்தி லங்காவிக் கண்காட்சிக்கு வந்த வண்ணமிருக்கின்றனர்.

இச்செய்தி செவிப்படும்போது நம்மவர் இரு வகையாகப் பேசக் கேட்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பத்திரிகையை விரித்து வைத்திருப்பவர், "நமது நாடும் பெரிய நாடாகிவிட்டது" என்று மார்தட்டுகிறார். கிள்ளானுக்கு அப்பாலுள்ள தோட்டத்து லயத்தில் குந்தியிருப்பவரோ, "கப்பல் எவன் வாங்கினால் நமக்கென்ன? நமக்கு நாளைக்கு வேலையுண்டா என்பதே கவலை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இவ்விருவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதே நமது துணிபு. விலை கேளாமல் புகழ்வதும், விலை கேளாமல் ஒதுங்குவதும் விற்பவனுக்கு ஒன்றே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கப்பலே வேண்டாமென்று நாம் கூறவில்லை. நமது நாடு தென்சீனக் கடலால் இரு கூறாகப் பிரிந்து கிடக்கும் நாடு. தீபகற்பத்திலிருந்து சபாவுக்கும் சரவாக்குக்கும் படையையும் பண்டத்தையும் கொண்டுசெல்லக் கப்பலின்றி முடியாது. அப்பணிக்கென அமெரிக்கரிடமிருந்து பழைய கப்பலொன்றை 1990-களின் நடுவில் வாங்கி, ஸ்ரீ இந்திராபுரா எனப் பெயர் சூட்டினோம். அது 2009-இல் லூமூட்டில் தீக்கிரையாயிற்று. அதன் பின்னர் 2013-இல் லகாட் டத்துவில் ஆயுதந்தாங்கிய அந்நியர் கடல்வழியே வந்து புகுந்தபோது, நம்மிடம் அத்தகைய கப்பல் ஒன்றேனும் இல்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அச்சே கரையை அழித்தபோது, சாலையற்றுப் போன மெலாபோ நகருக்குச் சிங்கப்பூர் தனது எண்டுரன்ஸ் வகைக் கப்பல்களை அனுப்பிக் கடல்வழியே உதவியை இறக்கியது. எனவே தேவை மெய். அதை மறுப்பது அறிவுடைமையாகாது.

ஆனால் தேவை மெய் என்பதைக் காட்டியே பணப்பையை அவிழ்த்துவிடுவது நமது நாட்டின் வழக்கமாகிவிட்டது. பழங்கதையைச் சற்றுப் பார்ப்போம். 1990-களின் இறுதியில், இருபத்தேழு காவற் கப்பல்கள் உள்நாட்டிலேயே கட்டப்படுமென்று முழங்கினார்கள். வந்து சேர்ந்தவை ஆறு. அதில் பட்ட அடியின் தழும்பு ஆறுமுன்னரே, கரையோரப் போர்க்கப்பல் என்று வேறொரு திட்டம் புறப்பட்டது. கப்பல் ஆறு, ஒப்பந்தத் தொகை 912 கோடி வெள்ளிக்கும் மேல். பகிரங்க டெண்டர் கிடையாது. நேரடிப் பேச்சிலேயே முடிந்தது. முதற் கப்பல் 2019-இல் வந்திருக்க வேண்டும். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை கூறுவது யாது? அதுவரை கொடுத்த பணம் 608 கோடி வெள்ளி; முடிந்த கப்பல் ஒன்றுமில்லை! கொடுத்த பணத்தில் 40 கோடி வெள்ளி முந்திய காவற் கப்பல் திட்டத்தின் பழங்கடனை அடைக்கப் போயிற்றென்றும் அவ்வறிக்கையே கூறுகிறது. கப்பலில் ஏறிக் கடலுக்குச் செல்ல வேண்டிய கடற்படை ஒரு வடிவத்தை விரும்ப, கட்டுகிறவன் வேறொரு வடிவத்தைத் தேர்ந்தான். கடற்படைத் தலைவர் கடிதத்தின்மேல் கடிதம் எழுதியும் பயனில்லை. பின்னர் 2023-இல் கப்பல் ஐந்தாகக் குறைந்தது. செலவோ 1,120 கோடி வெள்ளியாக ஏறிற்று. 2025-ஆம் ஆண்டு முடியும் வரையிலும் அவற்றுள் ஒன்றேனும் கடற்படையின் கையில் ஒப்படைக்கப்படவில்லை.

608 கோடி என்பது ஏட்டில் எழுதுவதற்கு எளிது. தோட்டத் தொழிலாளியின் கண்கொண்டு அதை அளந்து பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அக்கணக்கில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 20,400 வெள்ளி. 608 கோடியை இதனால் வகுத்தால், ஏறக்குறைய மூன்று லட்சம் தொழிலாளரின் ஓராண்டு உழைப்பு! மூன்று லட்சம் பேர் விடியற்காலையில் எழுந்து, மழையிலும் வெயிலிலும் ஓராண்டு உழைத்து, ஒரு காசும் உண்ணாமல் கொண்டுவந்து கொட்டினால் எவ்வளவோ, அவ்வளவு பணம் கப்பலின்றிக் கரைந்தது. இது நமக்குத் தொடர்பற்ற செய்தியா?

"நான் வருமான வரி கட்டுகிறவனல்லவே" என்று சிலர் சொல்லக்கூடும். வரி என்பது அலுவலகத்தில் பாரம் நிரப்பிக் கட்டுவது மட்டுமென்று எண்ணுவது பேதைமை. கடையில் வாங்கும் பொருளின் விலைக்குள்ளும், கைப்பேசிக் கட்டணத்துக்குள்ளும் வரி ஒளிந்திருக்கிறது. ஏழை தனக்குத் தெரியாமலே கட்டுகிறான். செல்வன் தெரிந்து கட்டுகிறான். இருவருக்குமுள்ள வேற்றுமை இவ்வளவே.

நிற்க. கடற்படைச் செலவில் நேரும் பிழைக்கு இறுதியில் தலைகொடுப்பவன் யார் என்பதைச் சரித்திரம் நமக்கு முன்னரே காட்டியிருக்கிறது. 1938-இல் வெள்ளையர் சர்க்கார் ஆறு கோடி பவுன் செலவிட்டுச் சிங்கப்பூரில் மாபெரும் கடற்படைத் தளத்தைத் திறந்து வைத்தது. தளம் இருந்தது, அதில் நிற்கப் போதிய கப்பற்படைதான் இல்லை. மூன்றாண்டு கழித்து, 1941-இல், இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஐம்பது அறுபது காசு கூலி பெற்ற நம் பாட்டன்மார் எழுந்து நின்று, சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்று கேட்டனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். காசுக்கணக்கில் கூலி உயர்த்தக் கைகூசிய அதே ஆட்சி, கோடிக்கணக்கில் கட்டிய தளத்தைக் காக்க இரண்டு பெரும் போர்க்கப்பல்களை விமானத் துணையின்றிக் கடலுக்கு அனுப்பியது. அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் இரண்டும் மூழ்கின. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. துரைமாரில் பலர் சிறை புகுந்தனர். சிலர் தப்பி ஓடினர். தோட்டத்துத் தமிழரோ சயாம் மரண ரயில் பாதைக்கு வாரிச் செல்லப்பட்டுப் பல்லாயிரவராக மடிந்தனர். கடலில் நேர்ந்த பிழைக்கு விலை லயத்தில் கொடுக்கப்பட்டது. "கப்பல் நமக்கென்ன" என்போர் இதனை மறக்கலாமா?

இனி, இக்கப்பல்களை விற்பதற்குச் சொல்லப்படும் இரண்டு வாதங்களை ஆராய்வோம். வெள்ள காலத்தில் இவை மக்களுக்கு உதவும் என்பது முதல் வாதம். கடலோரம் முழுவதும் அழிந்த அச்சேயில் அது மெய்யாயிற்று. ஆயின் கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்களிடம் இதைச் சொல்பவர் சற்றுக் கூச வேண்டும். 2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியபோது, கூரையேறி நின்றவர்களை மீட்க முதலில் வந்தவை எவை? அண்டை அயலாரின் சிறு படகுகளும், தொண்டர்கள் தாமே சுமந்து வந்த ரப்பர் தோணிகளுமே. ஸ்ரீ மூடாவின் சந்துகளுக்குள் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல் வருமா? அங்கு வேண்டியவை படகும், எச்சரிக்கையும், தூர்வாரிய வாய்க்காலும், நேரத்தில் வரும் ஆளும். படைக்கென்று கேட்பதைப் படைக்கென்றே கேளுங்கள். ஏழையின் வெள்ளத் துயரைக் கப்பலுக்கு விளம்பரப் பலகையாக்க வேண்டாமென்கிறோம்.

அயல்நாட்டில் கட்டிய கப்பலே நல்லதென்பது இரண்டாவது வாதம். உள்நாட்டில் கட்டியதே மானமென்பது அதன் எதிர்வாதம். இரண்டும் பாதி உண்மையே. சீனத்தில் கட்டிய நான்கு சிறு போர்க்கப்பல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. லூமூட்டில் கட்டத் தொடங்கியவை ஆண்டுக்கணக்கில் கரையிலேயே நின்றன. இதைக் கண்டு அயலானே மேல் என்று முடிவு கட்டுவோர் வேறு சிலவற்றையும் காண வேண்டும். தாய்லாந்து ஸ்பெயினில் கட்டுவித்த சக்ரி நருபெத் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1997-இல் வந்தது. அவ்வாண்டே பொருளாதாரம் சரிந்தது. கப்பல் பெரும்பாலும் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தது. அதன் போர் விமானங்களும் 2006-க்குள் ஓய்ந்தன. வாங்கும் விலை ஒன்று, வைத்துக் காக்கும் விலை மற்றொன்று என்பதற்கு அதுவே சான்று. ரஷ்யா 2011-இல் பிரான்சிடம் மிஸ்த்ரால் என்னும் இரு ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 2014-இல் உக்ரைன் விவகாரம் மூண்டதும் பிரான்ஸ் கொடுக்க மறுத்தது. 2015-இல் ஒப்பந்தம் ரத்தாகிக் கப்பல்கள் எகிப்துக்குப் போயின. அயலான் கொடுக்கும் கப்பலின் சாவி அயலானின் அரசியலிலும் தொங்குகிறது.

மற்றோர் அண்டை நாட்டைப் பாருங்கள். இந்தோனேசியா தனது மக்காசார் வகைக் கப்பல்களில் முதல் இரண்டைக் கொரியாவில் கட்டுவித்தது; தன் தொழிலாளரை அக்கலையில் பழக்கியது; அடுத்த இரண்டைச் சுராபாயாவில் தானே கட்டியது; பின்னர் அத்தகைய கப்பல்களைப் பிலிப்பைன்சுக்கு விற்கும் நிலையும் எய்தியது. 2016-இலும் 2017-இலும் அவை சென்று சேர்ந்தன. அங்கே காலமும் பணமும் ஒழுங்கும் கல்வியும் ஒன்றாகச் சென்றன. நம் நாட்டில் "உள்நாட்டுத் தொழில்" என்ற சொல், பட்டறையில் வியர்வை சிந்துகிற தொழிலாளியைக் காட்டித் தரகன் உண்ணும் விருந்தின் பெயராக ஆகிவிட்டது. பழி தொழிலாளியுடையதன்று, கணக்குக் கேளாத ஆட்சியினுடையது, கேட்கத் தவறிய நம்முடையதுங்கூட.

ஆம், நம்முடையதுங்கூட. கோயில் திருவிழாக் கணக்கில் நூறு வெள்ளி குறைந்தால் நம் ஊரில் மண்டை உடைகிறது, சங்கம் இரண்டாகிறது, வழக்கு நீதிமன்றம் ஏறுகிறது. தேருக்கு வர்ணம் பூசிய செலவைத் துருவித் துருவிக் கேட்கும் நாக்கு, 608 கோடியைக் கேட்கையில் அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதேன்? சர்க்கார் விஷயம் பெரிய மனிதர் விஷயம் என்ற அடிமைப் புத்தி, துரையைக் கண்டு சைக்கிளைவிட்டு இறங்கிய காலத்தின் எச்சமன்றோ? பாட்டன் இறங்க மறுத்தான். பேரன் இன்னும் இறங்கியே நிற்கிறான்!

ஆதலின் நாம் கேட்பன மூன்று. ஒன்று: எந்தக் கடலில், எந்தப் பணிக்கு, எத்தனை கப்பல், அவற்றை ஆண்டுதோறும் காக்க எவ்வளவு செலவு என்பதை வாங்குமுன் நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்கட்டும். இரண்டு: பகிரங்க டெண்டர் மூலமே தேர்வு நடக்கட்டும், கடலில் செல்லும் கடற்படையின் தேர்வைக் கரையிலிருக்கும் வியாபாரி மாற்றாதிருக்கட்டும், முடிந்த வேலைக்கே பணம் கொடுக்கட்டும். மூன்று: பொதுக் கணக்குக் குழு கப்பல் கெட்ட பிறகு பிரேத விசாரணை செய்வதோடு நில்லாது, கட்டும்போதே ஆண்டுதோறும் கணக்குக் கேட்டு வெளியிடட்டும். அக்கணக்கைத் தோட்டத்துத் தொழிலாளிக்கும் விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்வது நம் போன்ற ஏடுகளின் கடமை. அக்கடமையில் நாம் தவறோம்.

வாசகர்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. அடுத்த முறை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் விழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ வரும்போது, மாலையைப் போட்டுவிட்டுப் பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள். "ஐயா, கப்பல் கணக்கு என்னவாயிற்று?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்; நூறு பேர் கேட்டால் விடை தேடுவார். கப்பல் வரட்டும், ஆனால் கணக்கு அதற்கு முன்னே வரட்டும்.