புதுசுக்குச் சதுர அடி, பழசுக்குக் கிலோ

ஒரு பொருளை விக்கும்போது ஒரு அளவு, அதையே பழசா எடுக்கும்போது வேற அளவுன்னா, அதுக்குப் பேரு என்ன? என் பி.காம். புத்தகத்துல தேடினேன், கிடைக்கலை. எங்க ஊர்ல அதுக்குப் பேரு ஷட்டர் வியாபாரம்.

வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துற இடத்துக்குப் போடுறோமே, அந்த இரும்பு ரோலிங் ஷட்டரைத்தான் சொல்றேன். புதுசா போடும்போது சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசுறாங்க. பழசைக் கழட்டி எடுத்துட்டுப் போகும்போது காயலான் கடையில அது கிலோ கணக்கு. ரெண்டும் ஒரே இரும்புதாங்க. அவங்க விக்கும்போது மட்டும் எடை மறந்து போயிடுது, எடுத்துட்டுப் போகும்போது ஞாபகம் வந்துடுது :-)

எங்க ஊர் பென்னலூர், சென்னை - பெங்களூர் ஹைவே மேல, இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குப் பக்கம். 1998லேர்ந்து இங்க ஹூண்டாய் கார் ஓடி வருது. அந்தப் பக்கம் ஒரகடத்துல 2010லேர்ந்து ரெனோ-நிசான். தகடு கனம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலும் லாட்டைத் திருப்பி அனுப்புற ஊருங்க இது. அந்த வேலையைப் பாக்குற அண்ணன்களே சாயங்காலம் ஷிப்ட் முடிச்சு வந்து, தன் வீட்டு ஷட்டருக்குக் கனம் என்னன்னு ஒரு வார்த்தை கேக்காம அட்வான்ஸ் குடுக்குறாங்க. இந்தக் கொடுமையைத்தான் என்னால தாங்க முடியலை.

எங்க வீட்டுக்கு வந்த எஸ்டிமேட்டையே சொல்றேன். பத்தடி அகலம், எட்டடி உயரம். நம்ம கணக்குல 80 சதுர அடி. ஒர்க்‌ஷாப் கணக்குல 100. எப்படின்னா ரெண்டு பக்கமும் சேனலுக்குள்ள போறதுக்கு அரை அடி, மேல பைப்புல சுத்தி நிக்கிறதுக்கு ஒன்றரை அடி. பத்தரைக்கு ஒன்பதரை, ரவுண்டா நூறு. இதை நான் திட்ட மாட்டேன். ஷட்டர் முழுசா இறங்கினாலும் கொஞ்சம் மேல சுத்திக்கிட்டுத்தான் இருக்கும், அதுவும் இரும்புதானே. சதுர அடி 260 ரூபாய், ஆக 26,000. "பில் வேணும்னா 18 பர்சென்ட் தனி தம்பி." அதைச் சேர்த்தா 30,680. அந்தத் தாள்ல தகடு எத்தனை மில்லிமீட்டர்னு எங்கேயாவது இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். பின்பக்கம் விநாயகர் படம்தான் இருந்துச்சு.

கேட்டா "நல்ல கேஜ் தம்பி"ன்னு பதில். கேஜ்ங்கறதே ஒரு குழப்பம், நம்பர் கூடக் கூடத் தகடு மெலிசாகும். 18 கேஜ்னா சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ்னா 0.9, 22 கேஜ்னா 0.7. விவரம் தெரியாதவங்ககிட்ட "20 இல்ல சார், உங்களுக்கு 22 போட்டுத் தர்றேன்"னு சொன்னா சந்தோஷமா தலையாட்டிடுவாங்க.

இப்ப ஒரு சின்ன கணக்கு. 100 சதுர அடின்னா 9.29 சதுர மீட்டர். ஒரு மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. அப்ப 0.9 மி.மீ. போட்டா தட்டையா வெச்சுப் பாத்தாலே 66 கிலோ வருது. 0.7 போட்டா 51 கிலோ. ஓரத்தைச் சுருட்டி மடிக்கிறதால ரெண்டுமே இன்னும் கூடும், அது இருக்கட்டும். வித்தியாசம் 15 கிலோ இரும்பு. ரெண்டுக்கும் விலை அதே 26,000. மளிகைக் கடையில ஒரு கிலோ பருப்புல 50 கிராம் குறைஞ்சா சண்டைக்குப் போற நாம, இங்க 15 கிலோவை அப்படியே விட்டுட்டு வர்றோம்.

"அண்ணே, எடை எவ்வளவு வரும்?"னு கேட்டதுக்கு "அதெல்லாம் யாரும் பாக்குறதில்ல தம்பி"ன்னார். இந்தப் பதில்தான் எனக்குச் செரிக்கவே இல்லை. ஷட்டருக்கு மேல பைப்புக்குள்ள இருக்குற ஸ்பிரிங்தானே அந்த எடையைத் தாங்குது? எத்தனை ஸ்பிரிங், எவ்வளவு முறுக்குங்கறதே எடையை வெச்சுத்தான். எடை தெரியாம ஸ்பிரிங் போட முடியாது. அவருக்குத் தெரியும், நமக்குத்தான் சொல்ல மாட்டார்.

இதுக்கெல்லாம் விதியே இல்லையான்னா, நல்லாவே இருக்கு. ரோலிங் ஷட்டருக்குன்னே ஐ.எஸ். 6248ன்னு ஒரு இந்தியத் தர நிர்ணயம் உண்டு, 1979ல திருத்தினது. மூன்றரை மீட்டர் அகலம் வரைக்கும் தகடு 0.9 மி.மீ.க்குக் குறையக்கூடாது, அதுக்கு மேல அகலம்னா 1.2 மி.மீ. அரசாங்கக் கட்டடங்களுக்கு மத்தியப் பொதுப்பணித் துறை போடுற விலைப்பட்டியலைப் பாருங்க. அவங்களும் பரப்புக் கணக்குலதான் காசு குடுக்குறாங்க. ஆனா பட்டை 80 மி.மீ. அகலம், 1.25 மி.மீ. கனம்னு எழுதி, ஸ்பிரிங் கம்பி எந்தத் தரம்னும் எழுதி, பால் பேரிங் வேணும்னா அதுக்குத் தனி வரியே போட்டிருப்பாங்க. ஆக, சதுர அடி பாவம், அது என்ன பண்ணும். கனம் எழுதாத சதுர அடிதான் திருட்டுத்தனம்.

அடுத்து, "ரிப்பேர் பண்ணா நிக்காது, மொத்தமா மாத்திடுங்க"ங்கற வசனம். எங்க வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க. பழசை "நாங்களே எடுத்துக்கிறோம், அதுக்குக் காசு வேணாம்"னு பெரிய மனசோட வேற. அப்புறம் அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு வயசான மெக்கானிக் வந்தார். ஷட்டரைப் பாதியில நிறுத்திக் கையை எடுத்தார், தடதடன்னு கீழே இறங்குச்சு. "ஸ்பிரிங் செத்துடுச்சு, கீழ மூணு பட்டை துருப்பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" அப்படின்னார். ஸ்பிரிங், மூணு பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 6,500. தனித்தனியா எழுதிக் குடுத்தார். 30,680 எங்க, 6,500 எங்க? காண்ட்ராக்ட் வேலைக்குப் போற ஒருத்தருக்கு இந்த வித்தியாசம் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேலங்க.

அந்தப் பாதி வழிச் சோதனையை நீங்களும் செஞ்சு பாருங்க. சரியா இருக்குற ஷட்டர் நிறுத்தின இடத்துல நிக்கணும். இறங்குச்சுன்னா ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு, அடியில குழந்தைங்களை விடாதீங்க. நீங்களே மேல ஏறிக் கிளாம்பைக் கழட்டவும் கூடாது. முறுக்கின ஸ்பிரிங் விட்டுச்சுன்னா கையைக் கொண்டு போயிடும்.

அமெரிக்காவுல கராஜ் கதவு ஸ்பிரிங்கைச் சாதாரணமா 10,000 தடவை திறந்து மூடுறதுக்குன்னு கணக்குப் போட்டு விக்கிறாங்க. நாளைக்கு நாலு தடவைன்னா கிட்டத்தட்ட ஏழு வருஷம். நம்ம ஊர்ல அந்த எண்ணை யார் வாயிலேர்ந்தும் நான் இன்னும் கேக்கலை. அங்க இன்னொரு கூத்து: 'ரீமாடலிங்' பத்திரிகையோட 2024 கணக்குப்படி கராஜ் கதவு மாத்த சராசரி செலவு 4,513 டாலர், வீட்டை விக்கும்போது அதுல 194 சதவீதம் திரும்பி வருதாம். பென்னலூர்ல ஷட்டர் புதுசுன்னு எவனாவது வீட்டுக்கு ஒரு ரூபா கூடக் குடுப்பானா? இங்க அது முதலீடு இல்லை, சுத்தச் செலவு. செலவுன்னா குறைக்கத்தானே பாக்கணும்?

ஒர்க்‌ஷாப்காரங்க பக்கத்து நியாயமும் உண்டு. "நீங்க 260ஐ 220 ஆக்குன்னு நிப்பீங்க. நான் கூலியில கை வெக்க முடியுமா? கேஜ்லதான் கை வெப்பேன்"னு ஒருத்தர் வெளிப்படையாவே சொன்னார். கரெக்ட்தான். ஏணி மேல நின்னு 60, 70 கிலோவைத் தூக்கி மாட்டுறவங்களுக்குக் கூலி கூடவே குடுக்கலாம். அப்ப அதைக் கூலின்னு எழுதுங்க. இரும்புக்குள்ள ஒளிச்சு வெச்சா, பேரம் பேசத் தெரிஞ்சவனுக்கு மெலிசுத் தகடு, தெரியாதவனுக்கும் மெலிசுத் தகடு, விலை மட்டும் ஏமாந்தவனுக்கு ஜாஸ்தி.

அந்த 18 பர்சென்ட் விஷயம் (நம்ம ஏரியாவாச்சே, விட முடியுமா). ஜி.எஸ்.டி.யில பதிவு செய்யாத கடை உங்ககிட்ட வரியே வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன்ல இருக்குற கடையும் தனியா வரி போடக் கூடாது. முறையா பதிவு செஞ்ச கடைன்னா, நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் பில் குடுத்தே ஆகணும். "பில் வேணும்னா தனி"ங்கறது மூணுலயும் சேராது. பில் இருந்தா 5 லட்சம் வரைக்குமான விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கட்டணமே இல்லாம புகார் குடுக்கலாம். ஆனா பில்லுல "ஷட்டர் - 1" அப்படின்னு மட்டும் இருந்தா அங்க போய் எதைக் காட்டுவீங்க?

அதனால அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி தாள்ல எழுதி வாங்குங்க: தகடு எத்தனை மி.மீ., ஜி.ஐ.யா சாதா இரும்பா, எத்தனை ஸ்பிரிங், மொத்த எடை, கூலி தனியா, பழைய ஷட்டருக்கு எவ்வளவு கழிவு. பட்டை வந்து இறங்கினதும் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே திருகு அளவி வெச்சு அளந்துடுங்க, பெயின்ட் மேல அளந்தா கனம் கூடுதலாத்தான் காட்டும். திருகு அளவிக்கு எங்க போறதா? நம்ம தெருவுல குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல வேலை பாக்குற அண்ணன் வீட்டுக்கு வீடு ஒருத்தர் இருக்கார், ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா வர மாட்டாரா என்ன.