செத்தது எந்த லத்தீன்?

லத்தீன் செத்துப்போன மொழியாம். பாமர மக்கள் பேசிப் பேசியே அதைக் கெடுத்துக் கொன்றுவிட்டார்களாம். பண்டித சிகாமணிகள் வைக்கும் ஒப்பாரி இது. நாம் கேட்கிறோம்: செத்தது எந்த லத்தீன்?

ரோமாபுரிச் சீமான்கள் மேடையிலும் ஏட்டிலும் சீராட்டி வளர்த்த லத்தீன் ஒன்று. அடிமையும் சிப்பாயும் சந்தைக்காரியும் பேசிய லத்தீன் இன்னொன்று. இவை இரண்டு மொழிகள் என்று நாம் சொல்லவில்லை. ஒரே மொழியின் இரு வழக்குகள்தாம். மேடைச் சிங்கம் சிசரோவே, கடிதங்களை அன்றாடச் சொற்களால்தான் எழுதுவதாக நண்பர் பீட்டஸிடம் ஒப்புக்கொண்டவர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்ப்பி நகரத்துச் சுவர்க் கிறுக்கல்களைப் பாருங்கள். சொல்லின் கடைசி ‘ம்’ பல இடங்களில் உதிர்ந்து கிடக்கிறது. ‘ஹ’ ஒலியைக் காணோம். வாய் பேசியதைக் கை எழுதிற்று, அவ்வளவுதான்.

பின்னாளில் பெயர் தெரியாத ஒரு வாத்தியார், இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே என்று 227 சொற்களுக்குப் பட்டியல் போட்டார். காதுக்கு ‘ஔரிஸ்’ என்று சொல், ‘ஒரிக்லா’ என்னாதே என்பது அவர் கட்டளை. யார் கேட்டார்கள்? இன்று ஸ்பெயினில் காது ‘ஒரேஹா’, இத்தாலியில் ‘ஒரெக்கியோ’, பிரான்சில் ‘ஒரேய்’. எல்லாம் அந்த ‘ஒரிக்லா’ பெற்ற பிள்ளைகள்! பிரம்பை ஓங்கியவரின் பட்டியலே மக்கள் பேச்சுக்குச் சாசனமாகிவிட்டது.

குதிரையின் கதையும் இதுதான். காவியக் குதிரை ‘ஈக்வஸ்’; பொதி சுமக்கும் மட்டக் குதிரை ‘கபாலஸ்’. பிரெஞ்சு ‘ஷெவால்’, இத்தாலிய ‘கவாலோ’ எல்லாம் சுமைக் குதிரையின் வம்சமே. சீமான் வீட்டுக் குதிரையோ, ஸ்பெயினில் பெண் குதிரையைக் குறிக்கும் ‘யெகுவா’ என்ற சொல்லில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாவம்!

மக்கள் பேச்சைக் கொச்சை என்று இகழ்ந்தவர்கள், காரியம் ஆகவேண்டியபோது என்ன செய்தார்கள்? 813இல் தூர் நகரில் கூடிய மேற்றிராணிமார், பிரசங்கத்தை ஜனங்களுக்குப் புரியும் நாட்டுப்புற ரோமானியப் பேச்சிலோ ஜெர்மானியப் பேச்சிலோ பெயர்த்துச் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தார்கள். 842இல் ஸ்திராஸ்பூரில் இரண்டு அரசர்கள், அண்ணன் லோதாருக்கு எதிராகக் கைகோத்தபோது, ஒருவர் படைக்குப் புரியும்படி மற்றவர் அந்தப் படையின் பேச்சிலேயே சத்தியம் செய்தார்கள். போருக்கு ஆள் வேண்டுமே! கீழ்ப்படியச் சொல்லவும் சண்டைக்கு அழைக்கவும் கொச்சை இனித்தது. பூசை மட்டும், 1960களில் வத்திக்கான் இறங்கி வரும்வரை, பழைய லத்தீனிலேயே நடந்தது. பின்வரிசையில் முழந்தாளிட்டிருந்த உழவனுக்கு அதில் ஒரு வாக்கியமும் விளங்கவில்லை.